கட்டில் மாறிப் படுத்த ஓநாயும் கதை தெரிஞ்ச கரடியும்

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம். உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான் :-)

விஷயம் இதுதான். நாலு பழைய கதையைக் கலந்துகட்டி ஒரு கார்ட்டூன் வந்தா போதும், உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடுது. முதல் கோஷ்டி, "அட, ஷ்ரெக் மாதிரியே இருக்கே, இந்த ஐடியாவே ஷ்ரெக் கொண்டு வந்ததுதானே"ன்னு சிலாகிக்கும். ரெண்டாவது கோஷ்டி, "நல்லா இருந்த குழந்தைக் கதைகளை எல்லாம் கிண்டல் பண்ணியே நாசம் பண்ணிட்டாங்க"ன்னு ஒப்பாரி வைக்கும். பொட்டி தட்டற இடத்துல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல உக்காந்து தயிர் சாதம் சாப்பிடற பாக்கியம் அடியேனுக்கு அடிக்கடி வாய்க்குது. அங்க வாயைத் திறந்தா அரை மணி நேரத்துல முடிக்க முடியாது. அதனால இங்க.

என் கட்சி என்னன்னா, ரெண்டு கோஷ்டியும் சொல்றது தப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே பதில் போதும். அந்தப் பதில் 1940ஆம் வருஷமே வந்தாச்சு. பத்து நிமிஷம் கூட ஓடாத ஒரு படம். பேரு 'தி பேர்ஸ் டேல்'. வார்னர் பிரதர்ஸோட மெர்ரி மெலடீஸ் வரிசையில வந்தது. தயாரிப்பு லியோன் ஷ்லெசிங்கர், இசை கார்ல் ஸ்டாலிங், டைரக்‌ஷன் நம்ம தலைவர் டெக்ஸ் ஏவரி. (டேல்னா கதையும் ஆச்சு, வாலும் ஆச்சு. கடி ஜோக்கு டைட்டில்லயே ஆரம்பிச்சிடுது.)

ஏவரியைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1908ல டெக்ஸாஸ்ல பொறந்தவர், 1980ல காலமானார். பக்ஸ் பன்னிக்கு இன்னிக்கு நாம பாக்கற குணத்தைக் குடுத்த 'எ வைல்ட் ஹேர்' படத்தை எடுத்தவர். அதுவும் இதே 1940தான், இந்தக் கரடிப் படத்துக்கு மூணு மாசம் கழிச்சு வந்தது. முயல் அடிச்ச சூப்பர் ஹிட்ல கரடி காணாமப் போயிடுச்சு. ஏவரியோட 'டாப் டென்' போடறவங்க இதைச் சேர்க்கறதே இல்ல. அந்தக் கடுப்பும் இந்தப் பதிவுக்கு ஒரு காரணம்னு வெச்சுக்குங்க.

சரி, படத்துல என்ன நடக்குது?

கோல்டிலாக்ஸ் கதை எல்லாருக்கும் தெரியும். மூணு கரடி, மூணு கிண்ணம் கஞ்சி, மூணு நாற்காலி, மூணு கட்டில். கஞ்சி சூடா இருக்குன்னு கரடிங்க வெளிய போகுது, அந்தப் பொண்ணு ஆளில்லாத வீட்டுக்குள்ள புகுந்து எல்லாத்தையும் பதம் பாத்துட்டுத் தூங்கிடுது. ரெட் ரைடிங் ஹூட் கதையும் தெரியும். சிவப்பு முக்காடு போட்ட பொண்ணு, காட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டி, பாட்டி வேஷத்துல கட்டில்ல ஓநாய்.

படம் ரொம்ப பயபக்தியாத்தான் ஆரம்பிக்குது. கதை சொல்றவர் குரல் அவ்வளவு கம்பீரம். கரடிக் குடும்பம் கஞ்சி ஆறட்டும்னு சைக்கிள்ல கிளம்புது. கோல்டிலாக்ஸ் காட்டுக்குள்ள வர்றா. ஒரு வீடு தெரியுது. உள்ள போறா. அங்கதான் மேட்டரு. அது கரடி வீடு இல்ல. பாட்டி வீடு! கட்டில்ல ஓநாய், வேஷம் எல்லாம் போட்டுக்கிட்டு, ரெட் ரைடிங் ஹூட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. வந்தவளைப் பாத்து அதுக்குக் கடுப்பாயிடுது. நீ வேற கதைம்மா, உன் வீடு இது இல்லன்னு வழி சொல்லி அனுப்பிடுது. அனுப்பினதுக்கு அப்புறம்தான் யோசிக்குது. சிவப்பு முக்காடு எப்பவுமே லேட்டு. இந்தப் பொண்ணுக்கு என்ன குறைச்சல்? உடனே கிளம்பி, கரடி வீட்டுக்குப் போய் அங்க கட்டில்ல படுத்துக்குது.

இங்க ரெட் ரைடிங் ஹூட் பாட்டி வீட்டுக்கு வந்தா, ஓநாய் இல்ல. ஒரு சீட்டுதான் இருக்கு. காத்திருந்து அலுத்துப்போச்சு, கோல்டிலாக்ஸைச் சாப்பிடக் கரடி வீட்டுக்குப் போறேன்னு ஓநாயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கு. என்ன ஒரு நேர்மை! அவ உடனே போனை எடுத்து கோல்டிலாக்ஸைக் கூப்பிடறா. ஸ்கிரீன் ரெண்டாப் பிரியுது, இந்தப் பக்கம் இவ, அந்தப் பக்கம் அவ, நடுவுல ஒரு கோடு. சினிமால ஆயிரம் தடவை பாத்த ஷாட்டு. ஆனா இங்க, ரெட் ரைடிங் ஹூட் அந்தச் சீட்டை நடுக்கோட்டைத் தாண்டி நீட்டறா, கோல்டிலாக்ஸ் இந்தப் பக்கம் வாங்கிக்கறா!

பொட்டி தட்டறவன் பாஷையில சொன்னா, தனித்தனியா ஓடற ரெண்டு ப்ரோகிராமுக்கு நடுவுல இருக்கற சுவரு வெறும் பெயிண்டுன்னு காட்டிட்டாரு மனுஷன். அவ்வளவு காலமா ரெண்டு கதையும் அடுத்தடுத்த பக்கத்துல இருந்தும் ஒண்ணை ஒண்ணு தெரியாம இருந்துச்சு. ஒரு துண்டுச் சீட்டுல பேச ஆரம்பிச்சிடுச்சு.

கடைசியா கரடிங்க வீட்டுக்குத் திரும்புது. யாரோ வந்து போன அடையாளம். மாடியில யாரோ இருக்காங்க. திருடனோன்னு முதல்ல நடுக்கம். அப்புறம் அப்பா கரடிக்குப் பொறி தட்டுது. அட, இந்தக் கதையை நான் படிச்சிருக்கேனே! மேல இருக்கறது அந்தச் சின்னப் பொண்ணுதான்! அதுக்கப்புறம் பயமே இல்ல. தைரியமா மாடி ஏறுது. மேல யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியும். கரடி திரும்பி வந்த வேகத்தைப் பாத்துக்குங்க, நான் சொல்ல மாட்டேன். (அப்பா கரடிக்கு குரல் குடுத்ததே ஏவரிதான். அந்தச் சிரிப்பைக் கேட்டீங்கன்னா ரெண்டு நாளைக்குக் காதுல இருக்கும்.)

இப்ப பஞ்சாயத்துக்கு வருவோம்.

"இதெல்லாம் ஷ்ரெக் கண்டுபிடிச்சதுதானே?"

ஷ்ரெக் வந்தது 2001. கரடிப் படம் 1940. அறுபத்தியோரு வருஷ வித்தியாசம். அதுக்கும் முன்னாடி 1934லயே டிஸ்னி 'தி பிக் பேட் வுல்ஃப்'ல மூணு பன்னிக்குட்டியையும் ரெட் ரைடிங் ஹூட்டையும் ஒரே காட்டுல விட்டாச்சு. ஏவரியும் 1938ல 'சின்ட்ரெல்லா மீட்ஸ் ஃபெல்லா'ன்னு ஒண்ணு எடுத்தார். அதுல சின்ட்ரெல்லா கதையை விட்டுட்டுத் தியேட்டர்ல ஆடியன்ஸோட ஆடியன்ஸா உக்காந்திருப்பா. அப்புறம் 1959ல இருந்து அமெரிக்க டிவியில 'ஃப்ராக்சர்ட் ஃபேரி டேல்ஸ்' ஓடுச்சு. 1987ல பிராட்வேல ஸ்டீபன் சோந்தைம், ஜேம்ஸ் லபைன் ரெண்டு பேரும் சேர்ந்து 'இன்டு தி வுட்ஸ்' போட்டாங்க. நாலஞ்சு கதை ஒரே காட்டுல. ஷ்ரெக்குக்கு மூலமான வில்லியம் ஸ்டைகோட புத்தகமே 1990ல வந்தது. ஷ்ரெக் நல்ல படம், எனக்கும் பிடிக்கும். ஆனா அது பந்தியில கடைசியா உக்காந்த ஆளு. சமையல் பண்ணவர்னு மாலை போடாதீங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? ஷ்ரெக்லயும் ஒரு ஓநாய் பாட்டி டிரஸ்ல வேற ஒருத்தர் கட்டில்ல படுத்திருக்கும். அங்க அது ஒரு செகண்ட் காமெடி. நாம சிரிச்சிட்டு அடுத்த சீனுக்குப் போயிடறோம். 1940ல அந்தக் கட்டில்தான் படத்தோட அச்சாணியே. வித்தியாசம் புரியுதா? புரியலன்னா அடுத்த பத்தி உங்களுக்குத்தான்.

"கலக்கறதுல என்ன பெரிய திறமை? யார் வேணா பண்ணலாம்."

பண்ணுங்களேன் பாப்போம்!

டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணணும்னா பொதுவா ஒரு கீ வேணும். கீ இல்லாம ஜாயின் போட்டா இந்தப் பக்கத்து ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கத்து ஒவ்வொரு வரியோடயும் சேர்ந்து ஆயிரக்கணக்குல கொட்டும். அத்தனையும் குப்பை. ரொம்ப 'கலவைக் கதை'கள் இந்த ரகம்தான். சின்ட்ரெல்லா ஒரு பக்கம் போவா, பினோக்கியோ குறுக்க வருவான், 'அட இவனா'ன்னு நாம அடையாளம் கண்டுபிடிச்சு நமக்கு நாமே முதுகுல தட்டிக்குவோம். அவ்வளவுதான் சரக்கு.

ஏவரி கண்டுபிடிச்ச கீ என்ன தெரியுமா? கட்டில். ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரு பொண்ணு தனியாக் காட்டு வழியா ஒரு வீட்டுக்குப் போறா. ரெண்டுலயும் கட்டில்ல இருக்கக் கூடாத ஒருத்தர் படுத்திருக்காங்க. ஒரு கதையில அத்துமீறி நுழைஞ்சது பொண்ணு, வீட்டுக்காரங்க மிருகம். இன்னொண்ணுல நுழைஞ்சது மிருகம், வீட்டுக்காரங்க மனுஷங்க. ரெண்டு கதையும் ஒரே சட்டையை உள்வெளியாத் திருப்பிப் போட்ட மாதிரி. இந்தப் பொருத்தத்தைப் பாத்தவர் ஒரே ஒரு மாத்தம்தான் பண்றார்: பொண்ணு வீடு மாறிப் போறா. மிச்சம் எல்லாம் அதோட விளைவு. ஓநாய் வீடு மாறுது, ரெட் ரைடிங் ஹூட் ஏமாறுறா, போன் பண்றா, கரடி மாட்டிக்குது. ஒரு இன்புட் மாத்தி முழு அவுட்புட்டும் மாறுது. இது சோம்பேறி வேலையா?

டிஸ்னியோட 1934 படத்தை இதோட வெச்சுப் பாருங்க. அங்க பன்னிக்குட்டிங்களும் பாட்டியும் முக்காடுப் பொண்ணும் ஒரே ஊர்க்காரங்க மாதிரிச் சேர்ந்து இருக்காங்க. 1933ல 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' பிச்சுக்கிட்டு ஓடினதால, விநியோகஸ்தர்கள் இன்னும் பன்னி வேணும்னு நெருக்கி வந்த படம் அது. அழகா இருக்கும், ஆனா ரெண்டு கதையும் ஒண்ணோட ஒண்ணு மோதறதே இல்ல. தான் ஒரு கதைக்குள்ள இருக்கோம்னு யாருக்கும் தெரியாது. ஏவரி படத்துல எல்லாருக்கும் தெரியும். அதுதான் சிரிப்பு.

"அசல் கதையைக் கெடுக்கறாங்க!"

இதுதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுற இடம். எந்த அசல் சாமி?

கோல்டிலாக்ஸ் கதையை ராபர்ட் சதே 1837ல அச்சுல போட்டப்ப அதுல கோல்டிலாக்ஸே கிடையாது. கரடி வீட்டுக்குள்ள புகுந்தது ஒரு கிழவி. அதுவும் வாய் சரியில்லாத கிழவி. அப்பா, அம்மா, குட்டின்னு குடும்பமும் இல்ல. பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு மூணு கரடி, அவ்வளவுதான். 1850ல வெளியான புத்தகத்துல ஜோசப் கன்டல்னு ஒருத்தர் கிழவியைத் தூக்கிட்டுச் சின்னப் பொண்ணைப் போட்டார். காரணம்? கிழவி வர்ற கதை ஏற்கெனவே நிறைய இருக்காம்! கோல்டிலாக்ஸ்ங்கற பேரு நிலைச்சது 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலதான். இந்தக் கதையிலயே கிழவிக்குப் பதிலா நரி வர்ற ஒரு வடிவத்தை 1894ல ஜோசப் ஜேக்கப்ஸ் வெளியிட்டார். அசல் எதுங்க? கிழவியா, நரியா, பொண்ணா?

ரெட் ரைடிங் ஹூட் இன்னும் மோசம். 1697ல பிரான்ஸ்ல சார்ல் பெரோ எழுதினதுல ஓநாய் பொண்ணைத் தின்னுடும். கதை முடிஞ்சது. காப்பாத்த யாரும் வர மாட்டாங்க. 1812ல ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் போட்டதுலதான் வேட்டைக்காரர் வந்து ஓநாய் வயித்தைக் கிழிச்சு, பாட்டியையும் பேத்தியையும் வெளிய எடுத்து, வயித்துக்குள்ள கல்லை ரொப்பறது எல்லாம். அந்தக் கல்லு எங்க இருந்து வந்தது? கிரிம் தொகுப்புலயே இருக்கற 'ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டியும்' கதையிலயும் அதே வயித்தைக் கிழிக்கற வேலை, அதே கல்லு. அங்க இருந்துதான் இங்க ஒட்டிக்கிச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதாவது, நீங்க 'அசல்'னு கண்ணுல ஒத்திக்கற கதையே ரெண்டு ஓநாய்க் கதையைக் கலந்த கலவை. அதை ஏவரி பண்ணினா மட்டும் நாசமா?

பெரோ பண்ணினா இலக்கியம், கிரிம் பண்ணினா பண்பாடு, கார்ட்டூன்காரன் பண்ணினா கெடுத்துட்டான். இந்தக் கணக்கு எனக்கு எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தரலை.

"குழந்தைங்க குழம்பிடுவாங்க."

முதல் விஷயம், இந்தப் படம் குழந்தைங்களுக்குன்னே எடுத்தது இல்ல. அந்தக் காலத்துல இந்தக் குட்டிப் படங்கள் தியேட்டர்ல, மெயின் படத்தோட சேர்த்து, நியூஸ்ரீலோட போட்டது. பாத்தது வேலை முடிஞ்சு வந்த பெரியவங்களும்தான். 1950கள்ல பழைய ஸ்டாக்கை டிவிக்கு மொத்தமா வித்தாங்க. டிவிக்காரங்க சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்களுக்குப் போட்டாங்க. 'கார்ட்டூன்னா குழந்தைங்க சமாச்சாரம்'ங்கற முத்திரை விழுந்ததுல அந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெண்டாவது, குழந்தைங்க குழம்பறதா? ஒரு நாலு வயசு வாண்டு கிட்ட தெரிஞ்ச கதையை மாத்திச் சொல்லிப் பாருங்க. "இல்ல, தப்பு, அங்க ஓநாய்தான் வரும்"னு உங்க வாயைப் பொத்தும். ரெண்டாவது தடவை மாத்தினா விழுந்து விழுந்து சிரிக்கும். மூணாவது தடவை அதுவே மாத்திச் சொல்லும். குழம்பறது நாமதான்.

ஆனா இந்தக் கட்சிக்காரங்க கிட்ட ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கற பழக்கம் எனக்கு இல்ல. கதையே தெரியாத குழந்தைக்கு நேரா கிண்டலைக் குடுத்தா அது வீண். ஓநாய் ஏன் பாட்டி சட்டை போட்டிருக்குன்னு தெரியாத குழந்தைக்கு, அது வேற கட்டில்ல படுத்தா என்ன சிரிப்பு வரும்? இன்னிக்கு நிறைய பசங்களுக்கு முதல்ல கிடைக்கறது கிண்டல்தான், கதை அப்புறமாத்தான், சில சமயம் கிடைக்கறதே இல்ல. அந்தக் கவலை நிஜம். ஆனா அதுக்குக் குத்தவாளி கலக்கறவர் இல்ல. நேராக் கதை சொல்ற வேலையை விட்டுட்ட நாமதான். ராத்திரி பத்து நிமிஷம் உக்காந்து ஒழுங்கா ஒரு கதை சொல்லாம, 'படம் கெடுத்துடுச்சு'ன்னு பொலம்பறதுல அர்த்தமே இல்ல.

ஏவரி படத்தைப் பாருங்க, ரெண்டு கதையும் உங்களுக்கு அத்துப்படின்னு நம்பி எடுத்த படம் அது. விளக்கமே கிடையாது. பழைய கதைக்கு இதை விடப் பெரிய மரியாதை என்ன இருக்கு? ஜனங்க மனசுல அது அவ்வளவு உறுதியா நிக்குதுன்னு நம்பினாத்தான் அது மேல ஏறிக் குதிக்க முடியும். தொட்டா உடைஞ்சிடும்னு கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டறவங்களுக்குத்தான் கதை மேல நம்பிக்கை இல்ல.

இதே ஏவரி எம்ஜிஎம் போன பிறகு என்ன பண்ணினார்னு பாத்தா இன்னும் புரியும். 1943ல 'ரெட் ஹாட் ரைடிங் ஹூட்'. அதுல ஓநாய், பொண்ணு, பாட்டி மூணு பேருமே, இதே பழைய கதையில இனிமே நடிக்க மாட்டோம்னு ஸ்டிரைக் பண்ணுவாங்க. 1945ல 'ஸ்விங் ஷிஃப்ட் சின்ட்ரெல்லா'. ரெட் ரைடிங் ஹூட்டைத் துரத்தற ஓநாய்க்கு, அது படம் மாறி வந்திருக்குங்கறதே பாதியில தெரியவரும், உடனே சின்ட்ரெல்லா வீட்டுக்கு ஓடும். அந்த சின்ட்ரெல்லா பன்னெண்டு மணிக்கு ஏன் அலறி அடிச்சுக்கிட்டுக் கிளம்பறா? விமானத் தொழிற்சாலையில நைட் ஷிஃப்ட்! உலகப் போர் நேரம், ஃபேக்டரி எல்லாம் பொம்பளைங்க. முந்நூறு வருஷத்துக் கதையோட பன்னெண்டு மணி, 1945ல ஷிஃப்ட் பஸ் மணியா மாறுது. பழைய கதை உயிரோட இருக்குன்னா அது இப்படித்தான் இருக்கும். (அந்த ஓநாய் பொண்ணைப் பாத்துக் கண்ணு பிதுங்கி ஜொள்ளு விடற காட்சிகளை இன்னிக்குப் பாத்தா நெளிய வைக்கும், அதையும் சொல்லிடறேன். 1940 கரடிப் படத்துல அந்தத் தொல்லை இல்ல, நான் அதைத் தூக்கிப் பிடிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.)

கடைசியா, ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே ஒரு கேள்வி. அந்தப் படத்துல மாட்டிக்கறது யாரு? காட்டுல தனியாப் போன பொண்ணுங்க மாட்டலை. அவங்க ரெண்டு பேரும் ஒரு சீட்டை மாத்திக்கிட்டுத் தப்பிக்கற வழி பாக்கறாங்க. மாட்டினது அப்பா கரடி. "எனக்குத்தான் கதை தெரியுமே"ன்னு மாடி ஏறின கரடி. படிச்ச புத்தகத்துல என்ன இருந்ததோ அதேதான் மாடியிலயும் இருக்கும்னு நம்பின கரடி.

'அசலைக் கெடுக்காதே'ன்னு கத்தறவங்களும் சரி, 'எல்லாம் ஷ்ரெக்தான்'னு சத்தியம் பண்றவங்களும் சரி, மாடிப்படியில கால் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான் மேல படுத்திருக்கா?

டிஸ்கி 1: ஷ்ரெக் ரசிகர்கள் அடிக்க வர்றதுக்கு முன்னாடி முதல் கேள்விக்கான பதிலை இன்னொரு தடவை படிச்சிட்டு வாங்க. நல்ல படம்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல வெறும் 'ரிப்பீட்டேய்' போடறவங்களை விட, நல்லாத் திட்டறவங்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனா படத்தைப் பாத்துட்டுத் திட்டணும். பத்து நிமிஷம் கூட ஆகாது. அவ்வளவு ஆணி யாருக்கும் இருக்காது :-)